கேளிக்கைப் பூங்காக்களும் கீரிமலைக் கேணியும்

உலகத்தின் கேளிக்கைப் பூங்காக்களை ஒரு வரைபடத்தில் குறித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டுவது, புவியியல் வகுப்புகளில் கொடுக்கப்படும் ஒப்படைகளுள் ஒன்று. தெல்லிப்பழையில் உயர்தர மாணவருக்குப் புவியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தமது வகுப்பிலும் அதைச் செய்து பார்க்க விரும்பினார். பரப்பு, கட்டணம் போன்ற தகவல்களைப் பிள்ளைகள் இணையத்தில் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பூங்காவும் எப்படித் தோன்றிற்று என்ற வரலாற்றுக் குறிப்புகளை எழுதித் தரவேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார். அந்தக் குறிப்புகளுக்காகப் படித்ததில் கிடைத்த சில செய்திகள், வகுப்பறைக்கு வெளியில் உள்ளவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தைப் பற்றி. இந்நாளில் இதற்குத் தூரிகையும் வேண்டாம், மைக்கூடும் வேண்டாம். ஒரு விரிதாளில் நிரைக்கு ஒரு பூங்காவாக எழுதவேண்டும். பெயர், நாடு, அகலக்கோடு, நெடுங்கோடு, திறந்த ஆண்டு, பரப்பு, நுழைவுக் கட்டணம் என்பன நிரல்கள். கூகுள் மை மேப்ஸ் போன்ற இலவசக் கருவி ஒன்றில் அந்தத் தாளை ஏற்றினால், ஒவ்வொரு நிரையும் உலகப்படத்தில் ஒரு புள்ளியாக விழுந்துவிடும். புள்ளியை அழுத்தினால் பெட்டி விரிந்து விபரம் சொல்லும். புள்ளிகளை அடுக்கடுக்காகப் பிரித்து, வேண்டாத அடுக்கை மறைத்து, வேண்டியதை மட்டும் காட்டலாம். ஊடாடும் வரைபடம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

தெல்லிப்பழைக்குப் புவியியல் வகுப்பு புதிதன்று. 1816ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் இங்கே வந்து குடியேறிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தபோது, புவியியலும் வானியலும் அதன் பாடங்களில் இடம்பெற்றன. ஏழு கடல் சூழ்ந்த புராணப் பூகோளமும் மேலைநாட்டுப் பூகோளமும் நேருக்கு நேர் வாதாடிய மண் இது. ஆகவே, ஒரு வரைபடம் காட்டுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கேள்வி கேட்பது இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வழிவழியாக வந்த உரிமை என்றே சொல்லலாம்.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உடனே இருக்கிறது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மேர்கேற்றர் எறியத்தின் வழியில் வந்தவை. மத்திய கோட்டிலிருந்து விலக விலக நிலம் பெருத்துத் தெரியும். டென்மார்க் இருக்கும் அகலக்கோட்டில் ஒரு நிலத்துண்டு தன் உண்மைப் பரப்பிலும் மூன்று மடங்குக்குச் சற்று மேலாகத் தோற்றும். தெல்லிப்பழையிலோ அந்த மிகை நூற்றுக்கு மூன்றளவுதான். எனவே டென்மார்க்கின் பூங்காவையும் நம்மூர்க் காணியையும் கண்ணால் ஒப்பிடக்கூடாது. ஏக்கர்க் கணக்கைத் தாளில் எழுதித்தான் ஒப்பிடவேண்டும்.

இன்னொரு கேள்வி நிரல்களைப் பற்றியது. நாம் எந்த நிரலை வைக்கிறோமோ, வரைபடம் அதைத்தான் காட்டும். மிக உயரமான இராட்டினம் எது, மிக வேகமான ரோலர் கோஸ்டர் எது என்ற நிரல்கள் மட்டும் இருந்தால், அந்தப் படம் விளம்பரத் துண்டுப்பிரசுரத்தைத் தாண்டிப் போகாது. ஆகவே ஒரு நிரலைக் கூட்டும்படி நண்பரிடம் கேட்டேன். அதற்கு ‘வேலி’ என்று பெயர். அந்த நிலம் முன்பு யாருடையது, அதை யார் அடைத்தார், எந்த ஆண்டில் அடைத்தார், பின்பு யாருக்குத் திறந்தார் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த ஒரு நிரலில் விடை எழுதவேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கு வேலியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதியால் ஓர் அங்குலம் நகர்ந்ததற்காக நீதிமன்றப் படி ஏறிய மரபு நமது. ஆனால் கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறும் பெரும்பகுதி வேலியின் வரலாறுதான் என்பதை இந்த நிரலை நிரப்பத் தொடங்கிய பின்பே பிள்ளைகள் கண்டார்கள்.

மான்தோட்டத்துக் குன்று

வரைபடத்தின் முதல் நிரை டென்மார்க்குக்கு உரியது. கொப்பன்ஹேகன் நகருக்கு வடக்கே உள்ள பாக்கன் என்ற பூங்காவே, இன்றும் இயங்குவனவற்றுள் உலகில் மிகப் பழையது என்று கொள்ளப்படுகிறது. அதன் தொடக்க ஆண்டு 1583. நமது கணக்கில் சொல்வதானால், யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் முற்றாக வீழ்வதற்கு 36 ஆண்டுகள் முந்தியது.

1583இல் அங்கே இராட்டினம் இருந்ததா என்றால், இல்லை. இருந்தது ஓர் ஊற்று. கிர்ஸ்டன் பீல் என்ற பெண் காட்டுக்குள் அந்த நல்ல நீரூற்றைக் கண்டார் என்றும், அதன் நீர் நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பினர் என்றும் சொல்கிறார்கள். அக்காலக் கொப்பன்ஹேகனில் நல்ல குடிநீர் அரிது. வசந்த காலத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊற்றுக்குப் போனார்கள். கூட்டத்தைத் தேடி வியாபாரிகள் வந்தார்கள். வியாபாரிகளின் பின்னே வித்தை காட்டுவோரும் பாடுவோரும் வந்தார்கள். தீர்த்தத்துக்குப் போன யாத்திரை மெல்ல மெல்லத் திருவிழாவாயிற்று.

1669இல் மூன்றாம் பிரெடெரிக் மன்னன் அந்தக் காட்டுக்கு வேலி அடைத்தான். மான்களை உள்ளே விரட்டி விட்டு அரச வேட்டைக்காடு ஆக்குவதே நோக்கம். அடுத்த ஆண்டே அவன் இறந்தான். பின்வந்த ஐந்தாம் கிறிஸ்டியன் காட்டை இன்னும் பெரிதாக்கினான். அப்படிப் பெரிதாக்கியபோது ஸ்டொக்கெரூப் என்ற ஒரு கிராமம் வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டது. கிராமத்தவர் வெளியேற்றப்பட்டு வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. ஊர்க்குளங்களின் தடம் இன்றும் அந்தக் காட்டுக்குள் தெரிகிறது.

பொதுமக்களுக்கு அந்தக் காடு மீண்டும் திறக்கப்பட்டது 1756இல், ஐந்தாம் பிரெடெரிக் காலத்தில். மூடியதற்கும் திறந்ததற்கும் இடையே 87 ஆண்டுகள். ஊற்றை நினைவில் வைத்திருந்த தலைமுறை முழுவதும் மறைந்திருக்கும். ஆயினும் மக்கள் திரும்பி வந்தனர். வியாபாரிகளும் வித்தைக்காரரும் கூடவே வந்தனர். இன்று பாக்கனுக்குள் போக நுழைவுக் கட்டணம் இல்லை. இராட்டினத்தில் ஏறுவதற்குத்தான் காசு.

பாக்கன் என்றால் டேனிய மொழியில் குன்று. முழுப்பெயரின் பொருள், மான்தோட்டத்துக் குன்று. இந்த இடத்தில் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த எவருக்கும் ஒரு பொறி தட்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொத்தளமும் வாயிலும்

இரண்டாவது நிரை வியன்னாவின் பிராட்டர். இதுவும் அரச வேட்டைக்காடுதான். 1766இல் இரண்டாம் யோசெப் பேரரசர் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1897இல் அங்கே எழுந்த இராட்சத இராட்டினம், ஏறத்தாழ 65 மீற்றர் உயரத்தில் இன்றும் சுழல்கிறது.

மூன்றாவது, கொப்பன்ஹேகன் நகருக்குள்ளேயே உள்ள திவோலி. ஜோர்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர் 1843இல் திறந்தது. அவர் மன்னரிடம் அனுமதி கேட்டபோது, வேடிக்கை பார்க்கும் சனம் அரசியல் நினைக்காது என்று காரணம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நிலம் எது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. நகர மதிலுக்கு வெளியே, கோட்டைப் பாதுகாப்புக்காக இராணுவத்தின் வசம் இருந்த வெளியில்தான் திவோலி அமைந்தது. அதன் நடுவே உள்ள அழகிய ஏரி, பழைய கோட்டை அகழியின் ஒரு துண்டு. இராணுவ நிலம் விளையாட்டு நிலமான கதை இது. ஒருநூறு ஆண்டுகள் கழித்து, 1944இல், நாசிகளின் ஆட்கள் திவோலியின் கட்டடங்களுக்குத் தீ வைத்தனர். சில வாரங்களில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

அதன்பின் கதை அத்திலாந்திக்கைக் கடக்கிறது. 1895இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் போல் பொய்ற்றன் என்ற நீச்சல் வீரர் ‘சீ லயன் பார்க்’ என்ற பூங்காவைத் திறந்தார். வேடிக்கைகளைச் சுற்றி வேலி அடைத்து, வாயிலில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் முறையை அமெரிக்காவில் அவரே தொடக்கி வைத்தார். அதற்கு முன் கடற்கரை எல்லாருக்கும் பொது. ஊஞ்சலுக்கும் இராட்டினத்துக்கும் தனித்தனியே காசு. அன்றிலிருந்து வாயிலே வியாபாரமாயிற்று.

1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. நிலம் 160 ஏக்கர். முன்பு தோடம்பழத் தோட்டம். வால்ட் டிஸ்னி அதற்கு முன் 1951இல் திவோலியைப் பார்வையிட்டிருந்தார். அவர் அமைத்த வேலி முள்வேலி அன்று; பூங்காவைச் சுற்றி எழுப்பிய மண்மேடு. உள்ளே நிற்பவர் கண்ணுக்கு வெளியுலகம் தெரியக்கூடாது என்பதே அதன் நோக்கம். உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதை. வெறும் கேளிக்கைப் பூங்காவைத் தீம் பார்க் ஆக்குவது இந்தக் கதைதான்.

கதையைக் கொண்டு நிலத்தை அமைப்பதில் ஆசியாவும் பின்தங்கியதில்லை. சிங்கப்பூரில் 1937இல் புலித்தைலச் செல்வர் ஓ பூன் ஹோ கட்டிய ஹோ பார் வில்லாவில், பாவிகளுக்கு நரகத்தில் கிடைக்கும் தண்டனைகள் சிலைகளாக நிற்கின்றன. தமிழ்நாட்டில், தாம்பரம் அருகே 1995இல் நவோதயா அப்பச்சன் திறந்த பூங்காவுக்கு, சுக்கிரீவனின் நாடான கிஷ்கிந்தாவின் பெயர் வைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்தவர் இராமாயணத்திலிருந்து பெயர் எடுத்ததில் வியப்பில்லை.

நிலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் ஆசியாவில் நல்ல விடைகள் உண்டு. 1983 ஏப்ரலில் திறந்த தோக்கியோ டிஸ்னிலாண்ட், உராயசு என்ற மீனவர் ஊரின் கடலை நிரவி எடுத்த நிலத்தில் நிற்கிறது. அவ்வூர் மீனவர் தங்கள் கடலுரிமையைக் கைவிட்ட பின்பே அது இயன்றது. மலேசியாவில் 1993இல் திறந்த சன்வே லகூன், ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தில் அமைந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, இந்த நிரை நின்று வாசிக்கத்தக்கதாக இருந்தது.

யாரை விடவில்லை

வேலி நிரலின் நான்காம் கேள்வி, யாருக்குத் திறந்தார் என்பது. வாயில் என்று ஒன்று வந்துவிட்டால், அதில் நிற்பவன் காசை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்க்கிறான்.

வாஷிங்டனுக்கு அருகே மேரிலாந்தில் கிளென் எக்கோ என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. வெள்ளையர் அல்லாதாருக்கு அங்கே இடமில்லை. 1960 ஜூன் 30ஆம் திகதி ஹவார்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்கள் உள்ளே சென்று, குதிரை இராட்டினத்தில் ஏறி அமர்ந்தனர். இறங்க மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டனர். கோடை முழுவதும் வாயிலில் மறியல் நடந்தது. அடுத்த ஆண்டு பூங்கா எல்லாருக்கும் திறந்தது. அதே மாநிலத்தில் பால்ட்டிமோர் அருகே இருந்த குவின் ஓக் பூங்கா 1963 ஓகஸ்ற் 28ஆம் திகதியே எல்லாருக்கும் திறந்தது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தமது புகழ்பெற்ற பேருரையை ஆற்றிய அதே நாள்.

மரக்குதிரையில் ஏறிச் சுற்றுவதற்குச் சிறைக்குப் போகவேண்டியிருந்ததா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அதற்கு விடை அமெரிக்காவில் மட்டும் இருக்கவில்லை. தெல்லிப்பழையிலிருந்து துவிச்சக்கர வண்டியில் போகும் தூரத்திலும் இருந்தது.

எங்கட ஊர்ப் புள்ளி

பாதி நிரைகள் நிரம்பியிருந்த நிலையில் ஒரு மாணவி, “சேர், இதில எங்கட பக்கம் போட ஒரு புள்ளியும் இல்லையே?” என்றாள். வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். இலங்கையில் பெயர்பெற்ற கேளிக்கைப் பூங்கா என்று ஹங்வெல்லவில் உள்ள லெஷர் வேர்ல்ட் போன்ற ஒன்றைக் குறிக்கலாம். அது மேல் மாகாணத்தில். தீவின் வடமுனை வெறுமையாக இருந்தது.

பாக்கனின் கதையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள் என்று சொன்னேன். ஓர் ஊற்று. நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை. பருவந்தோறும் கூட்டம். கூட்டத்தைத் தேடி வந்த கடைகள். ஒரு விலங்கின் பெயரும் ஒரு குன்றும் சேர்ந்த பெயர். “கீரிமலை!” என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன.

கீரிமலை தெல்லிப்பழையிலிருந்து சில கிலோமீற்றர் வடமேற்கே. கடல் எட்டித் தொடும் தூரத்தில், சுண்ணக்கற் பாறையின் நிலக்கீழ்ப் பிளவுகள் வழியாக வரும் நன்னீர் அங்கே கேணியில் சுரக்கிறது. மழைநீரை உறிஞ்சி, உள்ளே வழி சமைத்து, கரையோரம் கொண்டுவந்து விடுவது யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் இயல்பு. கதைக்கும் குறைவில்லை. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இங்கு நீராடி அந்த முகம் நீங்கப்பெற்றார் என்பது ஐதீகம். குதிரைமுகம் கொண்டிருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி நலம்பெற்று, மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எழுப்பினாள் என்பதும் ஐதீகம். டிஸ்னி கதையை எழுதி நிலத்தில் வைத்தார். இங்கே நிலத்திலிருந்து கதை பிறந்திருக்கிறது.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆடி அமாவாசையில் கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவெய்தும். தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய அன்று அங்கே கூடுவார்கள். கடன் முடித்து நீராடி எழுந்தால், வெளியே கச்சான் கடை, காப்புக்கடை, தும்புமுட்டாஸ், ஐஸ்பழம், ஊதுகுழல். தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர். மேளச்சமாவுக்கு மறுநாள் வரையும் மக்கள் இருப்பார்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பக்கத்து அளவெட்டிக்காரர். இவ்வளவுக்கும் வாயிற்காசு இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை.

ஆனால் வேலி இல்லை என்று எழுதிவிட முடியாது. பையனின் கேள்விக்கு விடை இங்கேதான். சாதியின் பேரால் ஒரு பகுதி மக்களுக்குக் கோயில் வாசல்கள் பூட்டியிருந்தன. பொது இடங்களில் இத்தகைய தடை கூடாது என்று 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே வந்து வழிபட உரிமை கேட்டு, ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அவர்களைத் தடுத்து நின்றவர்களும் தமிழர்களே. கிளென் எக்கோ 1960 என்று எழுதிய அதே மையினால் மாவிட்டபுரம் 1968 என்றும் எழுதவேண்டும். அதை எழுதாமல் அடுத்த வேலியை மட்டும் எழுதினால், அந்த நிரல் நேர்மையான நிரல் ஆகாது.

அடுத்த வேலி 1990 ஜூனில் வந்தது. போர் மீண்டும் மூண்டு, பலாலி, காங்கேசன்துறைப் படைத்தளங்களைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் ஊர்ப்பெயர்களின் மேல் ஏறிக்கொண்டது. பத்திரிகையில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை தலைப்பில் இட்டிருக்கிறேன். அதன் எல்லையைக் காட்டும் ஒரு வரைபடத்தை அச்சிட்டதாக நினைவில்லை. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் கீரிமலைக்குச் சுயமாகப் போய்வர முடியவில்லை. ஆடி அமாவாசைக்கு வேறு கரைகளை நாடினோம்.

போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் 6,381 ஏக்கர் நிலத்தைப் படைத்தளத்துக்காக எடுக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் நீதிமன்றம் சென்றனர். பிள்ளைகள் இந்த எண்ணை விரிதாளில் இட்டு ஒப்பிட்டார்கள். 1955இன் டிஸ்னிலாண்ட் 160 ஏக்கர். அப்படி ஏறத்தாழ நாற்பது டிஸ்னிலாண்டுகள் இதற்குள் அடங்கும். ஸ்டொக்கெரூப் கிராமத்தை விழுங்கிய டென்மார்க்கின் மான்தோட்டம் ஏறத்தாழ 11 சதுர கிலோமீற்றர். நமது 6,381 ஏக்கர் அதனிலும் இரண்டு மடங்குக்கு மேல். ஒப்பீட்டு வரைபடம் என்றால் என்ன என்பது அன்று வகுப்புக்கு விளங்கியது என்று நண்பர் சொன்னார்.

மூடிய நிலத்துக்குள் கேளிக்கை அறவே இல்லாதிருந்தது என்றும் சொல்வதற்கில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் ‘தல்செவன’ என்ற உல்லாச விடுதியை நடத்தியது. தெற்கிலிருந்து வந்த பயணிகள் அங்கே கடல் குளித்தனர். அதே காலத்தில் அந்தக் கடற்கரையின் சொந்தக்காரர்கள் பலர் நலன்புரி நிலையங்களில் இருந்தனர். இதுவும் வேலி நிரலில் ஏறவேண்டிய செய்தியே.

கோயிலும் பூங்காவும் ஒன்றா

கீரிமலையை இந்த வரைபடத்தில் போடுவதற்கு எதிர்ப்பும் வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர், “தம்பி, பிதிர்க்கடன் செய்யிற இடத்தையும் றோலர் கோஸ்டரையும் ஒரு படத்தில போடுறதோ?” என்று நண்பரிடம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கீரிமலையைக் கேளிக்கைப் பூங்கா என்று எழுதினால் அது பொய். நகுலேசுவரம் பஞ்ச ஈசுவரங்களுள் ஒன்று. போர்த்துக்கேயர் இடித்தும் மீள எழுந்த தலம்.

ஆயினும் ஊற்றைத் தேடிப்போன டேனிய மக்களும் 1583இல் விளையாடப் போகவில்லை. உடம்பும் மனமும் தேறுவதற்காகவே போனார்கள். மனிதர் ஓரிடத்தில் கூடினால் வழிபாடும் வியாபாரமும் விளையாட்டும் ஒன்றின் பின் ஒன்றாக வந்துவிடும். பின்பு ஒரு நாட்டில் விளையாட்டு தனியே பிரிந்து பூங்காவாகிறது. இன்னொரு நாட்டில் பிரியாமல் திருவிழாவாகவே நிற்கிறது. இரண்டையும் ஒன்று என்று சொல்லவேண்டியதில்லை. ஒரே படத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆகவே வகுப்பு ஒரு வழி கண்டது. பூங்காக்கள் ஓர் அடுக்கு. மக்கள் கூடுமிடங்கள் இன்னோர் அடுக்கு. கீரிமலை இரண்டாம் அடுக்கில். பெரியவர் ஒத்துக்கொண்டார்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு முதல் அடுக்கும் அந்நியம் அன்று. ரொறன்ரோவுக்கு வடக்கே வோனில் உள்ள கனடாஸ் வொண்டர்லாண்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லாத ஈழத்தமிழ்க் குடும்பம் அங்கே அரிது. அது திறந்தது 1981 மே 23ஆம் திகதி. எட்டு நாள் கழித்து, மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. பாரிஸ் டிஸ்னிலாண்ட் திறந்தது 1992 ஏப்ரலில். வலிகாமம் வடக்கு மக்கள் வீடு விட்டு அப்போது இரண்டு ஆண்டுகளும் ஆகவில்லை. இந்தத் திகதிகளுக்கு இடையே காரண காரியத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஆண்டுவாரியாகப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்தால், உலகம் எங்கும் வாயில்கள் திறந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நமது ஊரின் படலைகள் சாத்திக் கிடந்தன என்பது தெரியும். அந்தப் பூங்காக்களில் வரிசையில் நின்ற பிள்ளைகளுள் சிலர், அந்தப் படலைக்காரரின் பிள்ளைகள்.

திறந்த ஆண்டு

கடைசியில் ஒரு சிக்கல் எஞ்சியது. ‘திறந்த ஆண்டு’ என்ற நிரலில் மற்றெல்லா இடங்களுக்கும் ஒரு எண் இருந்தது. மான்தோட்டத்துக்கு 1756. பிராட்டருக்கு 1766. வலிகாமம் வடக்குக்கு எதை எழுதுவது?

ஒரே ஆண்டு இல்லை. நிலம் துண்டுதுண்டாக விடுபட்டது. 2015க்குப் பின்பு அது சற்று விரைந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் 27 ஆண்டுகளின் பின் மீனவர் கைக்கு வந்தது. வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில் நிபந்தனைகளோடு திறந்தது. இன்னும் திரும்பாத காணிகளும் இருக்கின்றன. ஓர் ஒழுங்கையில் இந்தப் பக்க வீட்டுக்கு ஓர் ஆண்டு, எதிர்ப்பக்க வீட்டுக்கு வேறோர் ஆண்டு. ஆகவே வலிகாமம் வடக்கை ஒரு புள்ளியாகப் போடும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒழுங்கைக்கு ஒரு புள்ளியாகப் போடுவதென்று பிள்ளைகள் முடிவுசெய்தார்கள். அதற்கான தகவல் இணையத்தில் கிடைக்காது. அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் அயலட்டையிலும் கேட்டு எழுதவேண்டும். எந்த ஆண்டு போனோம், எந்த ஆண்டு முதன்முதலாகக் காணி பார்க்க விட்டார்கள், கிணறு இருந்ததா, வேலிக் கதியால் ஏதேனும் தளைத்து நின்றதா என்று கேட்கும் ஒரு பக்கப் படிவத்தை நண்பர் தயாரித்திருக்கிறார்.

உலகப் பூங்காக்களின் அடுக்கில் இப்போது முப்பதளவு புள்ளிகள். அது ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஒழுங்கைகளின் அடுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தெல்லிப்பழை, மாவிட்டபுரம், மயிலிட்டி, காங்கேசன்துறை வாசகர்கள், உங்கள் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் அந்த இரண்டு ஆண்டுகளையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஸ்டொக்கெரூப்பின் பெயரையும் குளங்களின் தடத்தையும் டென்மார்க் காத்து வைத்திருக்கிறது. எந்த வீட்டில் யார் இருந்தார் என்பதைச் சொல்ல, அங்கே இனி ஒருவரும் இல்லை. நமக்கு இன்னும் இருக்கிறார்கள்.